கூட வந்தவள்

"இவங்களுக்கு நீங்க யாரு?"
ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரி,
கண் வார்டு வாசலில் காவலாளி கேட்கிறார்.
என் முழங்கையைப் பிடித்து நிற்பவளுக்கு
அந்தக் கேள்வி விழுந்திருக்காது.
எனக்கு விழுந்தது.
பதில்தான் குலசேகரம்வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு வயது. இரவுப்பணி.
பால்வெட்டும் லீலாபாய், ஒன்பதாம் படுக்கை.
சிறுநீரகம் சரியில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும்
சார்ட்டில் ஊசியின் அளவு மாறவில்லை.
எனக்குத் தெரிந்தது.
டாக்டரை எழுப்பினால் வைவார் என்பதும் தெரிந்தது.
எழுதியிருந்ததைப் போட்டேன். ஏழு நாள்
எழுதியிருந்ததையே போட்டு
நேரம் குறித்துக் கையெழுத்திட்டேன்.
அவள் பிழைத்தாள்.
காது இரண்டும் போயிற்று.

அந்த ஆவணியில் கல்யாணம்.
பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்குப் பெயர் கிடையாது;
பதான்கோட்டில் நான் நாயக் வில்பிரட்டின் வைஃப்,
அதற்கும் முன்னால் ஒரு நீள நம்பர்.
மருந்துக்கு நின்ற வரிசையில்
தேனிக்காரி ஒருத்தி என் முந்தானையைப் பிடித்தாள்:
"எனக்கு இந்தி வராதுக்கா, நீங்க சொல்லுங்க."
எனக்கும் அரைகுறைதான்.
குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு,
விண்விண்ணென்று தெறிப்பது,
எல்லாவற்றுக்கும் தர்த் என்ற ஒரே சொல்தான் என்னிடம்.
மிச்சத்தை அவள் இடுப்பிலேயே விரல் வைத்துக் காட்டினேன்.
அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும்
யாராவது ஒருத்தி கதவைத் தட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கொரு மாற்றல்.
தகரப்பெட்டி வந்துசேரும், மருத்துவக் கோப்பு வராது.
வில்பிரட்டுக்கு சல்ஃபா ஆகாது,
உதடு வெந்து உரியும்.
ஜபல்பூரில் சொன்னேன். ஜோர்ஹாட்டில்
ராணுவ ஆஸ்பத்திரி மேஜர் ஒருவர்
ரவுண்ட்ஸில் எழுதிக்கொண்டே போனார்.
சுற்றிலும் எல்லோரும் விறைத்து நின்றார்கள்;
இவர் படுத்தபடியே விறைப்பாகத்தான் இருந்தார்.
"சாப், அந்த மருந்து இவருக்கு ஆகாது" என்றேன்.
பேனா நின்றது.
எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தார்,
அடுத்த கட்டிலுக்குப் போனார்.
ஒரு விரல்நீளம் இருக்காது அந்தக் கோடு.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வேர்க்கிளம்பியில் இருக்கிறோம்.
கேன்டீன் நாள் தவிர மற்ற நாளெல்லாம்
யாருடைய சீட்டாவது என் பையில் கிடக்கும்.
முட்டத்துப் பத்திநாதனுக்குக் காலை எடுக்க வேண்டும் என்றபோது
"எடுக்காம எத்தன நாள் பாக்கலாம், சார்?"
என்று கேட்டது நான்.
எடுத்துத்தான் ஆனார்கள்.
ஆனால் ஏன் என்று தெரிந்து மேசையில் படுத்தான்.
"பென்ஷன் இல்லாத டூட்டியாக்கும் ஒனக்கு" என்பார் வில்பிரட்,
ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டே.

பொன்மனைக்கு மட்டும் பஸ் ஏற நாலு வருஷமாயிற்று.
லீலாபாய் றப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
ஊசி, அளவு, ஏழு நாள், எல்லாம் சொன்னேன்.
என் வாயையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:
"சத்தமா சொல்லு பிள்ளே."
சத்தமாகச் சொன்னேன்.
பிறகு கத்திச் சொன்னேன்.
தோட்டத்தில் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
அவளுக்கு எவ்வளவு எட்டியதோ தெரியாது.
கட்டன்சாயா கொண்டுவந்தாள், சீனி இல்லாமல்.
நான் குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை.
அப்புறம்,
"கண்ணும் மங்கிட்டு வருது.
திங்களாச்ச ஆசாரிபள்ளத்துக்குக் கூட வருவியா?"

"எம்மா, யாருண்ணு கேட்டேன்."
கூட வந்தவ, என்கிறேன்.
கொஞ்சம் சத்தமாகவே.