நான்காம் கட்டம்

அல் உம்ரான். பேரீச்சந் தோட்டங்களின் ஓரம்
கம்பத்தில் ஏழாம் எண் வானிலைப் பெட்டி.
வெயில் எவ்வளவு என்று சொல்வதல்ல என் வேலை.
நேற்றுச் சொன்னது நடந்ததா என்று
இன்று வந்து பார்ப்பது.

சொன்ன காற்று இருபது கிலோமீட்டர். அடித்தது முப்பத்தெட்டு.
சொன்ன வெப்பம் நாற்பத்தொன்பது. இருந்தது நாற்பத்தேழரை.
கழித்தால் வருவது மூன்றாம் பத்தி.
அதன் தலைப்பு: பிழை.
மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வகுக்கும்போது
கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட்டு
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து
சாதுவாக உட்காரும்.

தீ எச்சரிக்கைக்குக் கணக்கு வேறு.
சொன்னோம், எரிந்தது.
சொன்னோம், எரியவில்லை.
சொல்லவில்லை, எரிந்தது.
சொல்லவில்லை, எரியவும் இல்லை.
நான்காம் கட்டம் பெருவயிற்றுக்காரன்.
தீயில்லாத நாளெல்லாம் அவனுக்கே சோறு.
அவனால்தான் எங்களுக்குத் தொண்ணூற்றேழு சதவீதம்.
தூங்குகிறவனும் வாங்கலாம் அந்த மதிப்பெண்ணை.

ஜூலை பதினொன்று இரவு
மூன்றாம் கட்டத்தில் ஒன்று விழுந்தது.
ஈரப்பதம் முப்பத்து நான்கு என்றது ஏழாம் எண்.
அபாயம்: தாழ்வு.
ஷமால் இறங்கியதும்
காய்ந்த மட்டை அடுத்த மட்டைக்குச் சேதி சொல்லி
நூற்று அறுபது மரம்.
ஆறு கிலோமீட்டர் தள்ளி எட்டாம் எண்
அதே மணிக்கு ஒன்பது என்று அனுப்பியிருந்தது.
அண்டை நிலையத்தோடு ஒட்டவில்லை என்று
மென்பொருள் அதைத் தள்ளிவிட்டது.

முப்பத்து நான்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
கம்பத்தடியில் ரொஃபிகுல் பூசணி போட்டிருந்தான்.
ஏசி சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து
அந்தியில் ஊற்றுவான்.
கொடி ஏறி, பெட்டியின் சல்லடைமேல்
ஈர இலையை விரித்திருந்தது.
மே மாதமே பார்த்தேன்.
அறுத்திருக்கலாம். ஒரு வரி எழுதியாவது வைத்திருக்கலாம்.
ஒரு காய் கொடுத்தான்.
புளி விட்டு வைத்தேன்.
செய்யது மஸ்தானும் நானும்
இரண்டு நாள் சாப்பிட்டோம்.

கொட்டகை எரிந்தது. பாஸ்போர்ட் நகல், போர்வை,
மகளுக்கு வாங்கிய செருப்பு.
ரொஃபிகுல் வாய்க்காலுக்குள் படுத்துப் பிழைத்தான்.
பிழைக்க வந்தவன்.
அன்றிலிருந்து மூன்றாம் பத்தியின் தலைப்பை
ஒரே பொருளில் வாசிக்க முடியவில்லை.

காரணம் எழுத ஒரு சிறு கட்டம் உண்டு.
இருபது எழுத்துதான் கொள்ளும்.
‘கொடி’ என்றால் ரொஃபிகுலின் விசா போகும்.
‘கண்டும் விட்டேன்’ என்றால் என்னுடையது.
‘உணரி மாசு’ என்று போடு, யாரும் கேட்கமாட்டார்கள்
என்கிறான் மஸ்தான்.
கர்சர் மின்னிக்கொண்டே இருக்கிறது.

வெளியே கொடி கருகி
கம்பத்தைச் சுற்றியபடியே நிற்கிறது.
ஏழாம் எண் இன்று சரியாகச் சொல்கிறது.
எட்டு.