மிச்சம்

கார்பாத்திய மலையை உடைத்து
லாரியில் வந்த சியோலைட் பொடி.
தவிட்டோடு பிசைகிறாள் மொத்ரியா.
"கல்லைத் தின்று பால் கறக்குமாக்கும்"
என்று சிரித்தவள்தான்.

செர்னோபில் மழை குடித்த புல்.
போன மாதம் என் கருவியில் பால்
இருநூற்றுப் பத்து.
இன்று எழுபது.

சீட்டை மடித்துத்
தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு கேட்டாள்:
"மிச்சம் எங்கே போச்சு?"

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள்.
சீசியம் நுழைந்தால் பிடித்துக்கொள்ளும்;
கொல்லாது.
சொல்லிக்கொண்டே வந்தவன்
நிறுத்திவிட்டேன்.

லிஸ்கா வாலைத் தூக்கியது.
பனியில் ஆவி பறக்கும் சாணம்,
அதற்கு நாலடி தள்ளி
உருளைக்கிழங்குப் பாத்தி.

மொத்ரியா மண்வெட்டியோடு
வேலியைத் தாண்டிப் போனாள்.
தூரமாய் ஒரு குழி.
ஆழம் போதுமா என்று
என்னைப் பார்க்கிறாள்.