கடைசி வரிசைக்குச் சூடு வருமா

விரல் மடக்குகிறவர்களைத்தான் முதலில் கவனிப்பேன்.
உலான்பாத்தர் ஓரத்தில், உறைந்த சேற்றின்மேல்
கார்கள் மட்டுமே நிற்கிற சந்தையில்
என்னுடையவை பதினொன்று.
எல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தவை.
ஸ்டீயரிங் வலப்பக்கம், சாலையில் நாங்கள் போவதும் வலப்பக்கம்.
முந்த வேண்டுமென்றால் பக்கத்து சீட்டிலிருப்பவர்
எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும்.
இந்த ஊரில் பாதிக் கல்யாணங்கள் நிற்பது அதனால்தான் என்பேன்.
சிரித்தால் தேநீர்.
சிரிக்காவிட்டால் நேரே விலை.

ஸோல்போ சிரிக்கவில்லை.
மைனஸ் முப்பத்தொன்று. மீசையில் மூச்சு வெள்ளையாய் ஒட்டியிருந்தது.
கையுறையைக் கழற்றாமலே விரல் மடக்கினான்:
நான், உந்தர்மா, இரட்டைப் பயல்கள், இவள் வயிற்றில் இருப்பது.
"ஐந்து. பிரியஸ் போதும்."
கட்டைவிரலோடு கை மூடிக்கொண்டது.
மூடிய கைக்குள் அப்புறம் யார் நுழைவது?

என் டயர் அடுக்கின்மேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்துக் கடைக்காரர் மகள் என்றே நினைத்தேன்,
உந்தர்மா அவளைப் பேர்சொல்லிக் கூப்பிடும்வரை.
எக்ஷிக்லென். பதினொரு வயது.
பையில் எர்தெனெத் பள்ளியின் முத்திரை.
"முதல் வீட்டுப் பெண்," என்றான் ஸோல்போ என் பக்கம் தணிந்த குரலில்,
"லீவுக்கு மட்டும் வருவாள். மடியில் உட்காரட்டும்."
அவள் அப்போது கால் நீட்டினாள்.
எந்த மடிக்கும் அடங்காத கால்கள்.

பிரியஸைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.
பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றினால் செலவு.
ஆனால், பெட்ரோல் வண்டிக்குக் கம்பளி போர்த்தி
நடுச்சாமத்தில் எழுந்து உறுமவிட்டுத் திரும்பப் படுக்கிற ஊரில்,
இது ஒரு பொத்தானுக்கு விழித்துக்கொள்ளும்.
ஸோல்போவுக்குப் பிடித்துவிட்டது.
பயல்களின் இரண்டு குழந்தை இருக்கைகளை வைத்துப் பார்த்தோம்.
நடுவில் மிஞ்சியது ஒரு ரொட்டி அகலம்.

அதற்குள் அந்தப் பெண்
மூலையில் நின்ற வெள்ளை ஏழு சீட்டரில் ஏறி
கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள்.
அதுவும் ஹைப்ரிட்தான்.
பெரிசு, உயரம், நாற்பது லட்சம் துக்ரிக் கூடுதல்.
யாரும் சீக்கிரம் கேட்பதில்லை.

உந்தர்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவருகே வந்தாள்.
கிலோமீட்டர் கேட்கவில்லை. துருவைத் தேடவில்லை.
"கடைசி வரிசைக்குச் சூடு வருமா?"

ஒன்பது வருஷ வியாபாரத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.
தெரியாது என்றேன்.
பொத்தானை அழுத்தினேன்; ஜப்பானியப் பெண்குரல் ஒன்று
ஏதோ அட்டை இல்லையென்றோ என்னவோ மரியாதையாகச் சொன்னது.
பின்னால் போய்ச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கூரையோரத் துளையில் கை வைத்தேன்.
அவளும் வைத்தாள்.
எஞ்சின் சத்தமில்லாமல் யோசித்தது, பிறகு ஓடியது.
முதலில் வந்தது வெறும் காற்று, பனிக்கட்டி வாசனையோடு.
வெளியே ஸோல்போ டயரை உதைத்துக்கொண்டிருந்தான்,
ஒரே டயரை, திரும்பத் திரும்ப.

ஏழு நிமிடம் என்று நான் சொல்வேன்.
எட்டு என்றாள் அவள்.
முதலில் விரல்நுனி, பிறகு உள்ளங்கை.
"வருது," என்று கத்தினாள், என் காதிலேயே.

ஸோல்போ கண்ணாடிப் பனியைத் துடைத்து உள்ளே பார்த்தான்.
துடைக்கும்போது கை விரிந்திருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.
விலைக்கு முக்கால் மணி நேரம் சண்டையிட்டான்,
அவன் மனைவி யாருக்கோ போன் செய்து கடன் கேட்டாள்,
நான் மூன்று லட்சம் குறைத்தேன், வருத்தத்தோடுதான்.

சக்கரங்களுக்குப் பால் தெளித்தார்கள், ஜாம் பாட்டிலிலிருந்து.
சொட்டுமுன் உறைந்தது.
சடங்குக்கு எல்லோரும் இறங்கினார்கள், எக்ஷிக்லென் தவிர.
இடத்தைவிட்டு எழுந்தால் போய்விடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.
சீட் இடுக்கிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்:
பாதி தேய்ந்த ஊதாக் கிரேயான்,
யாரோ ஒரு ஜப்பானியப் பிள்ளையுடையது.
நான் சரியாகச் சுத்தம் செய்திருக்கவில்லை.

"இது வண்டியோடு சேர்த்தா?"
சேர்த்துத்தான் என்றேன்.