அடிக்கட்டை

பகாவ். மளிகைக்கடைக்கு மேல் என் கிளினிக்.
எக்ஸ்ரேயில் நாகரெத்தினத்தின் ஞானப்பல்:
மூன்று வேர்கள். மூன்றாவது
கொக்கியாய் வளைந்து
நரம்பைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறது.

"இழுத்தால் உதடு மரத்துப்போகலாம்.
சில மாதம். சிலருக்கு எப்போதும்."

எஸ்டேட்டில் புல்டோசர் ஓட்டுகிறவர்;
மறுநடவுக்கு ரப்பர் கட்டை பெயர்ப்பவர்.
வீங்கிய கன்னத்தோடு படத்தை உற்றுப் பார்த்தார்.

"கீழ தண்ணிப் பைப்பு ஓடுதா?"
"அதேதான்."
"அப்ப நாங்க தோண்டமாட்டோம் டாக்டர்.
மேல அறுத்துட்டு மண்ணத் தள்ளிருவோம்.
மண்டோர் கேட்டா, சுத்தம்னு சொல்லுவோம்."

பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுத்தேன்.
வேர்களைத் தொடவில்லை.
ஈறை இழுத்துத் தைத்தேன்.

ரசீதில் 'ஒரு பல்' என்றுதான் எழுதினேன்.
அரைப் பல்லுக்கு
முழு வெள்ளியா என்று
பஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகல்.