ஆறு பதினேழு

முதல் படம் ஐந்து நாற்பத்தொன்றுக்கு.
அதில் ஒன்றுமில்லை.
எட்டு நொடி ஷட்டர் திறந்து கிடந்தும்
வெண்ணாற்றங்கரை இருட்டு
இருட்டாகவே வந்து படிந்திருக்கிறது.
மூலையில் மட்டும் ஒரு கீறல்,
கொள்முதல் நிலையத்து டியூப்லைட்.

வேதாரண்யம் போகிற வழி.
லெட்சுமாங்குடி தாண்டியதும் நிறுத்தச் சொன்னேன்.
ஹாஜா மைதீன் காரை ஓரங்கட்டி
இருக்கையைச் சாய்த்து
முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.
"சூரியன் வந்ததும் எழுப்புங்க."

டிரைபாடின் ஒரு கால் வரப்பில்,
ஒரு கால் வாய்க்கால் மேட்டில்.
மூன்றாவது கால் சேற்றில் இறங்கிக்கொண்டே போக
என் செருப்பைக் கழற்றி அதற்குக் கொடுத்தேன்.

அறுவடை மிஷின் போன தடங்கள் வயல் முழுக்க.
தடத்துக்குள் தண்ணீர்.
தண்ணீருக்குள்
மேலே இன்னும் வந்து சேராத வானம்.

ஐந்து ஐம்பத்தெட்டு: நீலம்,
நாவல்பழம் தின்ற நாக்கின் நீலம்.
ஆறு மூன்று: பனி,
அரிசி களைந்த தண்ணீராக
அறுத்த தாள்களுக்கு மேல் அசையாமல்.
ஆறு ஒன்பதில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன்,
குறைப்பதற்குள் வெளிச்சம் மூன்று ஏறியிருந்தது.
கண்ணில் சிவப்பு, திரையில் ஆரஞ்சு.
ஆரஞ்சைத் திருத்தி நிமிர்ந்தால்
கண்ணிலும் அது இல்லை.

அப்போதுதான் சத்தம்.
தகரத்தில் மழை வருவதுபோல் முதலில்.
பிறகு மழைக்குக் கழுத்து முளைத்தது.
வாத்துகள்,
இடப்பக்கத்திலிருந்து, ஒரு வார்த்தை கேட்காமல்,
என் முன்புலத்தையெல்லாம் மிதித்துக் கலக்கிக்கொண்டு.
தடங்களில் தேங்கிய வானம் சேறாயிற்று.

பின்னால் ஒருத்தி.
கழி நுனியில் உரச்சாக்குக் கிழிசல்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
உளுந்தூர்பேட்டைப் பக்கமாம்.
பெயர் செம்பாயி என்பது
போனில் யாரோ அதட்டியதில் தெரிந்தது.

"என்ன புடிக்கிற?"
"சூரியனை."
"அது இன்னும் வரலியே."
"வர்றதுக்கு முன்னாலதான் நல்லா இருக்கும்."
கிழக்கைப் பார்த்தாள்,
வேலைக்கு நேரம் கழித்து வருகிற ஆளைப் பார்ப்பதுபோல்.

பிறகு குரலைத் தாழ்த்தி,
"எங்க வாத்த மொத்தமா புடிச்சியா?"
பிடித்திருந்தேன். எரிச்சலில். ஆறு பதினேழுக்கு.
"ராத்திரி கீரி வந்துச்சு.
முந்நூத்திப் பதினாலு இருக்கணும்.
ஓடுறத எப்படி எண்ணுறது?
உன் படத்துல நிக்கும்ல?"

நின்றது.
ஐஎஸ்ஓ ஏற்றியதில் மணல்மணலாக,
ஆனாலும் நின்றது.

பெரிதாக்கி, தலை தலையாக நகர்த்தினேன்.
அவள் வாய்விட்டு எண்ணினாள்.
நூற்று நாற்பதில் எனக்குத் தப்பியது,
மறுபடி முதலிலிருந்து.
முந்தானையால் திரையின் ஈரத்தைத் துடைத்தாள்.
இருநூறு தாண்டும்போது
அவள் காதோரம் ஒரு மஞ்சள் ஏறியது.
இருநூற்றெழுபதில் திரை மங்கிவிட,
நிழலுக்காக
இருவரும் கிழக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம்.
முந்நூறில் பிடரி சுட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ரெண்டு" என்றாள்.
போனில் "ரெண்டுதான்" என்றாள்.
கழியைத் தூக்கி ஒரு சத்தம் கொடுத்தாள்,
என் படம் எழுந்து
மதகுப் பக்கமாக நடந்து போயிற்று.

"வந்தே போச்சே, எழுப்பவே இல்லியே"
என்றார் ஹாஜா மைதீன், கண்ணைக் கசக்கி.
வயலில் எங்கும் ஒரே வெள்ளை வெயில்,
நிழல்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளம் பாக்கி.

திருத்துறைப்பூண்டியில் டீ ஆறும்வரை
அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வலது ஓரம், உருட்டிக் கட்டிய வைக்கோலுக்குப் பின்னால்
ஏதோ ஒன்று, ஆரஞ்சாக.
அலகா, முறிந்த தாளா?
பெரிதாக்கப் பெரிதாக்க
சதுரம் சதுரமாக உடைகிறது.

அவள் எண்ணை நான் வாங்கவில்லை.