காந்தத்தில் ஒட்டாதது

கடைசி ட்ரிப் முடிந்து
மஸ்கெலியாவில் பஸ்ஸை நிறுத்தியபோதும் மழை விடவில்லை.
எஞ்சின் மூடியின் சூட்டில் பையைக் கவிழ்த்து
போன் வெளிச்சத்தில் சில்லறை எண்ணினேன்.
பழுதான ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் உண்டு,
சீட்டுக்கடியில் உருண்டோடும் காசை நூல் கட்டிப் பிடிக்க.
அன்று சும்மா விளையாட்டுக்குக் குவியலின் மேல் நீட்டினேன்.
ஒன்று, ரெண்டு, அஞ்சு, பத்து
எல்லாம் துள்ளி ஏறி
முள்ளம்பன்றியாய்ச் சிலிர்த்து நின்றன.

ஒன்று மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மூடியில் போட்டுப் பார்த்தேன்.
மற்றவை 'டக்' என்று முடித்துக்கொள்ளும்.
இது 'ணிங்' என்றது,
என்றபின்னும் நிறுத்தவில்லை.

எச்சில் தொட்டுத் துடைத்தால்
தாடி வைத்த ராஜா. மூக்கு தேய்ந்துவிட்டது.
மறுபக்கம் ஒரு பனை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து,
ஐம்பது சதம்.
யாரோ இருட்டோடு பெரட்டுக்குப் போய்
இருட்டும்வரை நிமிராமல் இதை வாங்கியிருக்கலாம்.
கடனுக்குக் கழித்துக்கொண்டு
கண்ணில் காட்டாமலே விட்டிருக்கவும் கூடும்.

"ரிதி!" என்றார் டிரைவர் சுமணதாச.
"மல்லி, பாதி எனக்கு."
முதலாளி கணக்கில் ரெண்டு ரூபா குறைந்தது.
என் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினேன்.
ஆக, இதன் விலை எனக்கு ரெண்டு ரூபா.

ஹட்டனில் வைரமுத்துப் பத்தர்
தராசில் வைத்து, உதட்டைப் பிதுக்கி,
"ஆறு கிராம்கூட இல்ல. அதிலயும் பாதிதான் வெள்ளி.
எழுநூறு தாறன்" என்றார்.
அந்த 'எழுநூறு' காதில் விழுந்தபோதுதான்
அந்தம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவர்.
கக்கத்தில் கிளினிக் கொப்பி, ரெண்டு கண்ணிலும் புரை.
சேலை முந்தி முடிச்சை அவிழ்த்து
ஒவ்வொரு காசாய் விளிம்பு தடவி என் கையில் வைத்தார்.
முப்பத்தெட்டு.
பின்னால் ஆட்கள் நெருக்க, நான் கத்தினேன்:
"இன்னும் ரெண்டு ரூபா! ஏறமுந்தி எடுத்து வைக்கத் தெரியாதா?"
அவர் பேசவில்லை.
ஜாக்கெட்டுக்குள் இருந்து இன்னொரு சின்ன முடிச்சு,
நூல் சுற்றியது.
பல்லால் கடித்துப் பிரித்தார்.
நான் பார்க்காமலே பைக்குள் போட்டேன்.
நோர்வூட்டில் இறங்கினார்.

நூல் சுற்றி வைத்ததை
ரெண்டு ரூபா என்று நினைத்தா தந்தார்?
தெரிந்தேதான் தந்தாரா?

பத்தரிடமிருந்து வாங்கி வந்துவிட்டேன்.
சுமணதாச ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை.

செவ்வாய்தான் கண் கிளினிக்.
நாலு செவ்வாய் போய்விட்டது.
டிக்கோயாவில் ஏறும் எல்லோருக்கும் அதே பச்சைக் கொப்பி,
அதே நனைந்த சால்வை.
முகம் எனக்கு நினைவில்லை. நான் பார்த்தது கையைத்தான்,
விரல் வெடிப்புகளில் கறுத்துப்போன கொழுந்துக் கறையை.
அது இந்த பஸ்ஸில் பாதிப்பேருக்கு இருக்கிறது.

அவரும் என் முகத்தைக் கண்டிருக்கமாட்டார்.
குரல் தெரியும்.
அதனால் செவ்வாய்க்கிழமைகளில்
டிக்கோயா தாண்டியதும்
கொஞ்சம் உரக்கவே டிக்கட் கேட்கிறேன்.
"என்ன தம்பி, சண்டைக்கா வாற?" என்கிறார்கள்.
இல்லை என்று தலையாட்டிவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போகிறேன்,
இன்னும் உரக்க.