இரண்டாவது வரி

தங்கச்சிமடம் சங்கத்துக் கணினியில்
ஒரே பெயர் இருமுறை வந்தால்
வரி மஞ்சளாகும்.
மஞ்சளை அழித்துவிடு என்று சொல்லியிருந்தார்கள்.
தடைக்காலம் தொடங்கிய ஒன்பதாம் நாள்,
மின்சாரம் போய்ப்போய் வந்த ஒரு மதியம்,
அழித்தேன்.

சந்தியாகு, த/பெ சூசை.
சந்தியாகு, த/பெ சூசை.
ஒரே தெரு. ஒரே விசைப்படகு.
கைதவறி இருமுறை ஏற்றிவிட்டதாகத்தான்
யாரும் நினைப்பார்கள்.
டெலிட் பொத்தானுக்கு ஓசை கிடையாது.

வைகாசிக் கடைசியில் அவர் வந்தார்.
சட்டைப்பையில் நாலாக மடித்த பாஸ்புக்,
விரலிடுக்கில் நைலான் அறுத்த புதுக்கோடு.
"எல்லாருக்கும் நிவாரணம் ஏறிருச்சு தாயீ,
எனக்கு மட்டும் ஏறல."
பெயர் கேட்டேன், தேடினேன்.
உங்களுக்கும் ஏறியிருக்கே என்றேன்.
"அது அவன்."
எவன்?
"சந்தியாகு."

மறுநாள் இரண்டு பேருமாக வந்தார்கள்.
ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை.
இவர்களையா ஒரு வரிக்குள் மடக்கினேன்?
சந்தியாகப்பரிடம் நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள் என்றார் நெட்டை.
அந்தத் தெருவில் மட்டும் பதினொரு பேராம்.
சூசை எத்தனை என்று
எண்ணிப் பார்த்ததில்லையாம்.

நடுக்கடலில் என்ன செய்வீர்கள்,
வயர்லெஸ்ஸில் சந்தியாகு என்று கூப்பிட்டால்?
"ரெண்டு பேரும் சொல்லும்போம்.
வேலைன்னா அவனுக்கு.
வசவுன்னா பாதிப் பாதி."

பட்டப்பெயர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாமே என்றேன்.
நெட்டை சிரித்தார்.
குட்டை சிரிக்கவில்லை.
ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயரை
அரசாங்கத் தாளில் எழுத முடியாது,
எழுதலாம் என்றாலும் எழுத விடமாட்டார்
என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.
எண் போடட்டுமா,
சந்தியாகு ஒன்று, சந்தியாகு இரண்டு?
"யாரு ரெண்டு?"
இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்.
உச்சிப்புளிப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில்,
முத்துராக்கு இரண்டு பேர்.
முந்திச் சேர்ந்தவள் வெறும் முத்துராக்கு.
நான் இன்னொரு முத்துராக்கு.
அவள் அம்மை கண்டு வராத மாதத்திலும்
இன்னொரு முத்துராக்காகவே
உள்ளேன் ஐயா சொன்னேன்.

வெளியே கச்சான் தகரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தது.
குட்டைச் சந்தியாகு
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"ஆத்தா பேரப் போடு."

படிவத்தில் தாய்க்குக் கட்டம் இல்லை.
பெயர்க் கட்டத்திலேயே ஓரிடம் விட்டு
அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
ஞா
ன
சௌ
ந்
அதற்குமேல் எழுத்து விழவில்லை.

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கி, உதடசைத்துப் படித்தார்.
"தரி இல்லையே."
இடமில்லை என்றேன்.
"இருக்கட்டும்.
எங்கய்யாகூட அவள
முழுசாக் கூப்புட்டதில்ல."

வரி வெள்ளையாகவே நின்றது.
வங்கிதான் மூன்று முறை திருப்பியது:
ஆதாரில் இல்லாத இந்த ஞானசௌந் யார் என்று.
நான்காம் கடிதத்தில் யாரோ அலுத்துப்போய்
பணத்தை விட்டார்கள்.
அதற்குள் தடை முடிந்து
படகு போயிருந்தது.

இப்போதெல்லாம் மஞ்சள் வரி கண்டால்
தெருவுக்குப் போகிறேன்.
முக்கில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
எத்தனை தலை திரும்புகிறதோ
அத்தனை வரி.
சில பெயருக்கு நாலு தலை திரும்பும்.
ஒரு பெயருக்கு
நாய்கூடத் திரும்பியது.

அழித்த கை என்னுடையது என்று
இன்னும் சொல்லவில்லை.
சந்தியாகு கேட்கவுமில்லை,
இரண்டு பேரில் யாரும்.